சொல்லாமல் கடந்த ஊர்கள்

மைமூன் இறங்கிப் போய் அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்த எதிர் இருக்கையில் கையை வைத்துப் பார்த்தபோது சூடு போய்விட்டிருந்தது, தெய்வானைக்கு என்னவோ போலிருந்தது. ரயில் ஒரு மலையடி ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தது. காலையில் வியன்னாவில் ஏறியவர்கள், சாயங்காலம் வெனிஸில் இறங்க வேண்டும். நடுவில் இது என்ன ஊர் என்று பலகையை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை, விட்டுவிட்டாள். “காலு மரத்துப் போச்சுளா. ஒரு எட்டு நடந்துட்டு, காப்பி கெடைச்சா வாங்கிட்டு வாரேன். ரயிலு இங்க நெறைய நேரம் நிக்குமாம், பை பத்திரம்” என்று சொல்லிவிட்டு மைமூன் இறங்கினாள். பை பத்திரம் என்றால் தெய்வானைக்கு அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். தலைக்கு மேல் கம்பித் தட்டில் இரண்டு முதுகுப்பைகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நீலம் மைமூனுடையது, அவள் மகன் இர்ஃபான் காலேஜுக்குக் கொண்டுபோன பை, அவன் பேனா கசிந்த கறை இன்னும் அடியில் இருக்கிறது. அரக்கு தெய்வானையுடையது, திருநெல்வேலி ஜங்ஷனில் கடைகடையாய் ஏறி இறங்கி வாங்கியது. அறுபதை எட்டப்போகிற இரண்டு பெண்கள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவதாவது என்று தெய்வானையின் தம்பி தென்காசியிலிருந்து போன் போட்டுக் கேட்டான். மைமூன்தான் போனை வாங்கிப் பதில் சொன்னாள். “பெட்டிய இழுத்துக்கிட்டுப் போறதுக்கு நாங்க என்ன கல்யாண வீட்டுக்காப்பா போறோம்? படியேறணும், ரயிலு மாறணும். கை வீசி நடக்கணும்.” இத்தனை வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று, ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்புட்டப் பொறவு’ என்று ஆயிரக்கணக்கான முகங்களிடம் சொல்லிச் சொல்லி மைமூனின் குரலுக்கு மறுபேச்சில்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. தம்பி அடங்கிப்போனான். தெய்வானையும் அப்படித்தான் அடங்கிப்போய்க் கிளம்பினாள். அடங்கிப்போவது எவ்வளவு சுகம் என்று பாரிஸில் இறங்கிய முதல் நாளே தெரிந்துவிட்டது. எந்தப் படியில் இறங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும், எந்தப் பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும், எல்லாம் மைமூன் பார்த்துக்கொள்வாள். பாஸ்போர்ட் இரண்டும் அவள் இடுப்புப்பையில். போன் அவள் போன்தான், தெய்வானையின் போனில் வெளிநாட்டு சிம் இல்லை. அந்தப் போன் இப்போது ஜன்னலோரம் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. போனை விட்டுட்டுப் போயிருக்காளே. பிளாட்பாரத்தில் மைமூனின் பச்சை முக்காடு தெரிகிறதா என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. யாரோ ஒரு பெண் நாயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாய் அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி தெய்வானையைப் பார்த்தது. இந்த ஊர்களில் நாய்கள் குரைப்பதே இல்லை, அதுவும் அவளுக்கு ஓர் ஆச்சரியம். பாரிஸில் தங்கிய விடுதியில், கால்வாய்க்குப் பக்கத்தில், ஓர் அறைக்கு ஆறு கட்டில், ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக. இவர்களுக்கு மகள் வயசில் நாலு பெண்கள். இரண்டு பேர் தாங்களாகவே கீழ்க் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டார்கள். அன்று மைமூன் தொழுகைக்கு நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, துண்டை விரித்து, விரித்த துண்டைக் கையில் திரும்ப எடுத்துக்கொண்டு, “ஏளா டீச்சர், எந்தப் பக்கம்?” என்றாள். பாளையங்கோட்டையில் மேற்கு. அவள் பிறந்த கடையநல்லூரிலும் மேற்கு. பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்துத் தொழுதவள். தெய்வானை ஜன்னலுக்குப் போய்ச் சூரியன் எங்கே சாய்கிறதென்று பார்த்து, மனசுக்குள் உலக உருண்டையைச் சுழற்றி, இதோ பாரிஸ், அதோ அரேபியா என்று கோடு போட்டு, “தென்கிழக்கு. அந்த அலமாரி மூலைக்கும் கதவுக்கும் நடுவுல” என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் டீச்சர். ரைன் எங்கே பிறக்கிறது, டான்யூப் எத்தனை நாடு தாண்டுகிறது என்று கரும்பலகையில் வரைந்து வரைந்து கை பழகியவள். ஆனால் தெருவில் விட்டால் கடைக்குள் போய்த் திரும்பி வரும்போது இடமா வலமா என்று நிற்பாள். பெரிய திசை தெரியும், சின்னத் திசை தெரியாது. மைமூனுக்கு நேர் எதிர். அதனால்தான் ஒத்துப்போகிறது என்று மைமூன் சொல்லுவாள். அவள் அலமாரியைப் பார்த்து நின்றாள், குனிந்தாள். மேல் கட்டில் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அது தெய்வானையின் வேலையானது. புரூஜில் ஓயாத மழை, சூரியனே இல்லை, மாதாகோயில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கிழக்கைப் பிடித்தாள், அதில் அவளுக்கு ஒரு கர்வம். பிராகில் நல்ல வெயில். கல் பாவிய தெருவில் நடந்து நடந்து இருவருக்கும் குதிகால் வெடித்தது, மைமூன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் சீசாவை எடுத்து, “நீட்டு” என்று தெய்வானையின் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். யாரும் தன் காலைத் தொட்டு எவ்வளவு காலமாகிறது என்று தெய்வானை அப்போது நினைத்துக்கொண்டாள். அந்த எண்ணெய் வாசம், ஜன்னலுக்கு வெளியே மணிக்கூண்டு, விடுதி அடுக்களையில் வடித்த சோற்றில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும். ஒரு போர்ச்சுகல்காரப் பெண் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருமி, கண்ணில் தண்ணீரோடு இன்னொரு வாய் கேட்டாள். இர்ஃபான் இருக்கிற கனடாவில் எந்தத் திசை? திடீரென்று அது வந்து முட்டியது. உருண்டையில் குறுக்கு வழி போனால் வடகிழக்கு. ஆமாம், துருவத்தை ஒட்டி வளைந்து வடகிழக்கு. மேற்கே பார்த்தவளை வடகிழக்கே திருப்பி நிற்க வைத்துவிடுவார்கள். போனில் முள் காட்டும், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெய்வானை அந்த நினைப்பைக் கையால் தள்ளுவது போலக் கண்ணாடியில் படிந்திருந்த தன் மூச்சைத் துடைத்தாள்.

துடைத்த இடத்தில் மலை தெரிந்தது. உச்சியில் கொஞ்சம் வெள்ளை. அட்லஸில் இது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும், ஆல்ப்ஸ், அடர்ந்த பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்றல். அந்த அட்லஸ் காலேஜில் தெய்வானையுடையது, சங்கரன்கோவிலிலிருந்து துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. விடுதியில் அவள் கட்டிலுக்கு அடுத்த கட்டில் மைமூன். முதல் வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு பேருமே போர்வைக்குள் அழுவார்கள், இரண்டு பேருக்குமே தெரியும். ஒருநாள் மைமூன், “அது என்ன பொஸ்தகம்?” என்றாள். அப்புறம் தினமும் விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு அட்லஸைத் திறந்து விரலை வைக்க வேண்டும், எந்த ஊரில் விழுகிறதோ அங்கே போவோம். தைத்த நூல் விட்டுப்போயிருந்ததால் எப்போது திறந்தாலும் அது ஐரோப்பாப் பக்கத்திலேயே திறந்துகொள்ளும். அதனால் எப்போது போனாலும் ஐரோப்பாதான். மைமூனின் விரல் நாலு தடவைக்கு ஒரு தடவை கடலில் விழும். “அப்ப நீந்துவோம்ளா” என்பாள். அந்த வயசு மைமூனின் விரல், நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து பிறையாக நிற்கும். அப்புறம் மைமூனுக்குக் கல்யாணம், காதர் மச்சான், வேலை, இர்ஃபான். தெய்வானைக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் தள்ளுகிறவர்களே களைத்துப்போய் விட்டுவிட்டார்கள், அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. பாளையங்கோட்டையில் அடுத்தடுத்த தெரு. வேலை விட்டு வந்து சாயங்காலமானால் மைமூன் வாசலில் நின்று “டீச்சர்!” என்று குரல் கொடுப்பாள், வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். பேசுவதற்கு என்று ஒன்றும் இருக்காது, ஆனால் பேச்சு நிற்காது. காதர் மச்சான் மாரடைப்பில் போனபோது தெய்வானை, மைமூன் வெளியே வராமல் இத்தா இருந்த நாலு மாசமும் தினமும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். பேச வரவில்லை, வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வருஷம் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே மைமூன் சொன்னாள், “ஏளா, அட்லஸுல வெரல் வச்சோமே, போவோமா?” எதற்காக இப்போது என்று தெய்வானை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவளுக்குக் கேட்கவே வராது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்பாள், வீட்டுக்கு வந்தால் கேள்வி வாயில் வந்து தட்டி நின்றுவிடும். அது ஏன் அப்படி?

ஏன் அப்படி என்று கொலோனில் அன்றைக்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரைன் நதி. முதன்முதலாகப் பார்த்தபோது, நீ இவ்வளவு அழுக்கா இருப்பியா என்று தோன்றியது, கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் வரைந்த நதி. கரையில் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்து இரும்புக் கம்பி முழுக்கப் பூட்டுகள் தொங்கின, காதலர்கள் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிடுவார்களாம். “ஊர்ல ஒரு பூட்டுத் தொலைஞ்சா என்ன பாடு படுதோம்” என்று மைமூன் சிரித்தாள். சிரித்து முடித்து, ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள். “இர்ஃபான் கூப்புடுதான்ளா. அங்கேயே வந்துரச் சொல்லுதான். டிசம்பர்ல. வீட்டயும் குடுத்துருவோம்னு நெனைக்கேன்.” தெய்வானைக்கு அப்போது காதில் ஒரு சத்தம் கேட்டது, பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு இரைச்சல் இருக்குமே, அது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவளுடைய டீச்சர் குரல், பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற குரல், வெளியே வந்தது. “நல்லதுதான. பேத்தியப் பாத்துக்கிடலாம். எத்தன நாளு நீயும் ஒத்தையில கெடப்ப?” மைமூன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். “அவ்வளவுதானா?” “வேற என்ன?” என்றாள் தெய்வானை, சொல்லிவிட்டு, “அந்தப் படகப் பாரு, கரி ஏத்திட்டுப் போவுது” என்றாள். படகு போயிற்று. வேற என்ன, வேற என்ன. அந்த இரண்டு சொல்லும் அதற்கப்புறம் பைக்குள் மூன்றாவது ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தன. பிராகில் எண்ணெய் தேய்க்கும்போது வாய்வரை வந்தது. போகாதளா. ஒரே சொல். வரவில்லை. அவளுக்கு மகன் இருக்கிறான், பேத்தி பிறந்து முகம்கூடப் பார்க்கவில்லை, எனக்கு என்ன உரிமை என்று ஒரு மனசு. உரிமை இல்லையா, நாற்பது வருஷம் என்ன பின்னே என்று இன்னொரு மனசு. வியன்னாவில் டிராமில் போகும்போது மைமூன் தூங்கி அவள் தோளில் சரிந்தாள், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று, தாண்டுகிறது என்று தெரிந்தும் தெய்வானை எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போனார்கள், ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது. “எழுப்பக் கூடாதா?” என்றாள் மைமூன். எழுப்பியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். நாளை மறுநாள் வெனிஸிலிருந்து விமானம். அப்புறம் பாளையங்கோட்டையில் பாத்திரம் கட்டுவதும் அலமாரியை விற்பதுமாக நாள் ஓடிவிடும், அப்போது சொன்னால் அது வாசலில் வண்டி நிற்கும்போது சொல்வதாகத்தான் இருக்கும்.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. இரும்போடு இரும்பு இடித்துப் பிரிகிற சத்தம் எங்கோ பின்னால் கேட்டது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார், நடுவில் ‘வெனீசியா’ மட்டும் பிடிபட்டது. பக்கத்து வரிசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தெய்வானை ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஒரு கையை இன்னொரு கையால் வெட்டுவது போலக் காட்டினார். ரயில் இங்கே இரண்டாகப் பிரிகிறதாம். இந்த முன்பாதி இத்தாலிக்கு, பின்பாதி வேறு எங்கோ. அவர் சொன்ன ஊர்ப் பெயர் அவளுக்குப் பாடத்தில் வந்த பெயர்தான், ஆனால் அந்த நேரத்தில் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று மூளைக்குள் ஒன்றும் ஓடவில்லை. மைமூன் எந்தப் பாதியில் ஏறுவாள்? அவளுக்கு இது தெரியுமா? தெரியாமல் பின்னால் ஏறி, பெட்டி பெட்டியாக நடந்து வந்துவிடலாம் என்று நினைத்திருந்தால்? விசில் ஊதினார்கள். தெய்வானை எழுந்து கதவுக்கு ஓடினாள், கதவு மூடிக்கொண்டது, பச்சைப் பொத்தானை அமுக்கினாள், அது பச்சையாக இல்லை. பிளாட்பாரம் மெதுவாக நகர்ந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு போன பெண் நகர்ந்தாள், காப்பிக்கடை நகர்ந்தது, கடை வாசலில் யாரும் இல்லை. பச்சை முக்காடு எங்கேயும் இல்லை. “மைமூன்!” என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள், கத்திய பிறகுதான் அது வெளியே கேட்காது என்று உறைத்தது. இருக்கைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் அவளிடம். எல்லையில் கேட்பார்களோ? கேட்டால் என்ன சொல்வது, நான் தெய்வானை, சங்கரன்கோவில் என்றா? போன் இங்கே. அவள் அங்கே. யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட வேண்டுமென்று மைமூனுக்குத் தோன்றினால் அவளுடைய சொந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமா? எனக்கு அவள் நம்பர் மனப்பாடம், எதற்கு உதவும், அது என் மடியிலல்லவா அடிக்கும். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அழுகையாகத் திரும்பிவிட்டது. எதிர் இருக்கை காலியாக எதிரில் இருந்தது, சாய்மானத் துணியில் தலை வைத்த குழி.

இப்படித்தான் இருக்கும். பயத்துக்கு அடியில், ரொம்ப அடியில், அமைதியாக அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. டிசம்பரிலிருந்து இப்படித்தான். சாயங்காலம் வரும், வாசலில் குரல் வராது. மைதானத்தைத் தனியாகச் சுற்றலாம், யார் தடுத்தார்கள். நோன்பு மாசம் வரும், பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் வராது. உடம்புக்கு ஒன்றென்றால் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு முன்னா பின்னா என்று போன் போடலாம், அங்கே அப்போது நடுராத்திரியாக இருக்கும். தூங்கட்டும் என்று வைத்துவிடுவாள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா, வைத்துவிடுவாள். அம்மா போனபோது வீடு பெரிதானது போலிருந்தது, இப்போது ஊரே பெரிதாகிவிடும். டிக்கெட் பார்க்கிற பெண் வந்தாள், சிவப்புத் தொப்பி, இளவயசு. தெய்வானை எழுந்து நின்றாள். மைமூன் இல்லாமல் இந்தப் பயணத்தில் யாரிடமும் அவளாக ஒரு காரியம் பேசியதில்லை. இன்று பேசினாள். என் சிநேகிதி இறங்கினாள், திரும்பி ஏறினாளா தெரியாது, அடுத்து எங்கே நிற்கும், நான் இறங்கித் திரும்பிப் போக வேண்டும். வாக்கியங்கள் தாமாக வந்தன. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து, அடுத்த ஸ்டேஷன் தொலைவில்லை, அங்கிருந்து திரும்ப ரயில் உண்டு, நான் போன் செய்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனாள். தெய்வானை கம்பித் தட்டிலிருந்து அரக்குப் பையை இறக்கி முதுகில் மாட்டினாள். நீலப் பை கனத்தது. அதை முன்பக்கம் நெஞ்சோடு மாட்டிக்கொண்டாள், போனைச் சார்ஜரோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பேனாக் கறை அவள் மோவாய்க்குக் கீழே இருந்தது. பெரியவர் எழுந்து வழிவிட்டார். இறங்குவது, எதிர்ப் பிளாட்பாரம், திரும்பிப் போகிற ரயில், அந்தக் காப்பிக்கடை. அங்கே இல்லையென்றால் ஸ்டேஷன் மாஸ்டர். எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். கதவுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் போய்விட்டதா என்று பார்த்தாள், போகவில்லை. ஆனால் கால் நின்றது. நிற்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. கண்டுபிடித்ததும் சொல்ல வேண்டும், வேறெதுவும் பேசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும், படகையோ பாலத்தையோ காட்டாமல்.

பின்னாலிருந்த கண்ணாடிக் கதவு விலகியது. “ஏளா, ரெண்டு பையையும் மாட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?”

தெய்வானையால் சட்டென்று திரும்ப முடியவில்லை. முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, நடைபாதை ஒடுக்கம். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து திரும்பினாள். மைமூன் இரண்டு கையிலும் காகிதக் கோப்பையோடு நின்றாள், முக்காடு சரிந்து நரைமுடி வெளியே தெரிந்தது, மூச்சு வாங்கியது.

“விசில் ஊதிட்டான். கெடைச்ச பொட்டியில ஏறிட்டேன். பின்பாதியக் கழட்டுனது போக இதுல கடேசிப் பொட்டி. அங்கேருந்து நடக்கேன் நடக்கேன், ஒவ்வொரு கதவையும் முழங்கையால தொறந்துக்கிட்டு வாரேன். தொப்பி போட்ட பிள்ள ஒண்ணு என்னைப் பாத்துட்டு, ஒன் சிநேகிதி அழுதுக்கிட்டு நிக்கான்னு சொல்லுது. நீ எங்க போற?”

“ஒன்னத் தேடித்தான். அடுத்த ஊர்ல எறங்கித் திரும்பி வரலாம்னு.”

“நீயா?”

“நான்தான்.”

மைமூன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கப் போனாள். அதற்குள் தெய்வானை சொன்னாள்.

“போகாத.”

“எங்க? அதான் வந்துட்டனே.”

“கனடாவுக்கு. போகாத மைமூன்.”

அது இரண்டு பெட்டிகள் சேருமிடம், தரைத்தகடு ஆடிக்கொண்டிருந்தது, சத்தம் அதிகம். கேட்டதோ இல்லையோ என்று ஒரு கணம் தெய்வானைக்குச் சந்தேகம் வந்தது. கேட்டிருந்தது. மைமூன் கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“இதச் சொல்லதுக்கு ஒனக்கு இத்தன ஊரு வேண்டியிருந்துச்சா?” என்றாள். குரலில் மருந்து ஜன்னல் தெளிவு இல்லை. “கொலோன்ல அந்த ஆத்தங்கரையில நீ சொல்லுவன்னு பாத்தேன். படகக் காட்டுன. பிராகுல சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் சரி, இவளுக்கு நான் போனாலும் ஒண்ணுதான் இருந்தாலும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“நான் சொன்னா நீ நின்னுருவியோன்னு பயம்.”

“சொல்லலன்னா போயிருவனேன்னு பயம் இல்லையா?”

“அதும்தான்.”

மைமூன் கிட்டே வந்தாள். நீலப் பை நடுவில் இருந்ததால் கட்டிக்கொள்ள முடியவில்லை. அவள் பையின் இரண்டு பக்க வாரையும் பிடித்துக்கொண்டு நின்றாள், பையையே கட்டிக்கொள்வது போல.

“நான் போவேன், தெய்வு” என்றாள். “மறைச்சுச் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, அந்தப் பச்சப்புள்ளய எவகிட்டயோ விட்டுட்டுப் போறாங்க. அவன் போன்ல பேசும்போது குரலு உடைஞ்சு பேசுதான். போகத்தான் வேணும். ஆனா ஒரு ஆளுகூடப் போகாதன்னு சொல்லாம ஒரு ஊர விட்டுப் போறதுன்னா… அத்தா இல்ல, அம்மா இல்ல, அவுக இல்ல. யாருளா சொல்லுவா? நீ ஒருத்திதான இருக்க. நீயும் சொல்லலன்னா நான் அங்க இத்தன வருசம் இருந்ததுக்கு என்ன அர்த்தம்?” முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். “இப்பச் சொல்லிட்ட. இன்னும் ஒரு தடவ சொல்லு.”

“போகாத.”

“போவேன்.”

“போகாதளா.”

“போவேன்” என்றாள் மைமூன், அழுதுகொண்டே சிரித்து.

இருக்கைக்கு வந்தார்கள். பெரியவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது என்பது போலத் தலையசைத்தார். மைமூன் பைகளைக் கழற்றி மேலே ஏற்றினாள். தெய்வானையின் தோள் விட்டுவிட்டு வலித்தது. உள்ளுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது, காது அடைத்துத் திறந்த பிறகு வருகிற அமைதி மாதிரி. வெளியே பைன் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. அவை வெறும் மரங்களாக இருந்தன. அழலாம் போலவும் இருந்தது, பசிக்கவும் செய்தது.

“அங்க ரொம்பக் குளிருமே” என்றாள்.

“குளிரும். பனி முட்டளவு நிக்குமாம். கோட்டு வாங்கி வச்சிட்டானாம் எனக்கு.”

“என்ன கலரு?”

“சாம்பக் கலருன்னான்.”

“சாம்பல் ஒனக்கு எடுக்காது. மெரூன் வாங்கச் சொல்லு.”

மைமூன் அவளைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, வாயருகே வைத்துக்கொண்டு மகனுக்குக் குரல் செய்தி பேசினாள். “வாப்பா, அந்தக் கோட்ட மாத்திரு. ஒன் தெய்வானை சாச்சி சொல்லுதா, சாம்பல் எனக்கு எடுக்காதாம். மெரூன் வேணுமாம். இந்தா, அவளே பேசுதா.” போனைத் தெய்வானையிடம் நீட்டினாள்.

தெய்வானை அதை வாங்கி, பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இர்ஃபானு, நல்ல அடர்த்தியான மெரூனா பாரு. முட்டுக்குக் கீழ எறங்கணும், ஒங்கம்மாக்கு எடது முட்டு குளிருக்குப் பிடிச்சுக்கிடும், சொல்ல மாட்டா, படியில கைப்பிடியத் தேடுனான்னா வலிக்குதுன்னு அர்த்தம். வெறும் வயித்துல காப்பி குடுத்துராத. தல வலிச்சாப் பேசவே மாட்டா, கோவமோன்னு நெனச்சிராத, வெளக்க அணைச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிரு. மழைச் சத்தம் கேட்டா அவளுக்கு ஒறக்கம் வரும். சாயங்காலம் எப்படியும் ஒரு நடை கூட்டிட்டுப் போ. பேச ஒண்ணும் இல்லன்னாலும் கூட நட…”

பட்டனிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. இன்னும் இருந்தது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், ரயில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. மைமூன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பித் தரச் சொல்லவில்லை.